நேராக இருக்கிறதென்று சொன்னேன்

நமது சங்கத்து மாத இதழில் பண்டிகைச் செய்திகளும், கல்யாண விசேஷங்களும், ஊர்ப் பிரயாண அனுபவங்களும் வெளிவருவதை ஆவலோடு படிப்பவன் நான். அவற்றின் நடுவே ஒரு பழைய லாரியின் என்ஜினைப் பற்றி எழுதினால் அன்பர்கள் முகஞ்சுளிப்பார்களோ என்ற தயக்கம் எனக்கு உண்டு. ஆயினும் தாராவியிலும், குர்லாவிலும், செம்பூரிலும் வாழும் நம்மவர்களில், ஏதாவதொரு காலத்தில் பட்டறையொன்றில் எண்ணெய்க் கையோடு நின்ற ஒருவரேனும் இல்லாத குடும்பம் குறைவு. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். இதில் என் குற்றமொன்றும் கலந்திருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை.

என் தாய்மாமன் ஒரு மோட்டார் மிஸ்திரி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்காகத் தாராவிக்கு வந்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. தோல் ஷாப்பின் நாற்றம் பிடிக்காமல், பதின்மூன்றாம் வயதிலேயே குர்லாவில் ஒரு கராஜில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தார். அக்காலத்துக் குர்லாவில் லாரி வேலைக்குப் பஞ்சமில்லை. வால்சந்த் ஹீராசந்த் அவர்கள் 1944இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியின் தொழிற்சாலை குர்லாவில்தான் இருந்தது. அங்கே 1947 முதல் அமெரிக்கக் கிரைஸ்லர் கம்பெனியின் அனுமதியோடு டாட்ஜ், டிசோட்டோ, பார்கோ முதலிய வண்டிகள் உருவாகி வந்தன. அதற்கும் முன்னே, 1928இல், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் சிவ்ரியில் ஒரு தொழிற்சாலை அமைத்துச் செவர்லே வண்டிகளைப் பூட்டி இணைத்து வந்தார்கள். 1954இல் அவர்கள் மூடிச் சென்றார்கள். பிரீமியர் கம்பெனியாரோ பிற்காலத்தில் பியட் காரைச் செய்து, அதுவே பத்மினி என்ற பெயரில் பம்பாய் டாக்ஸியாக ஊரெல்லாம் ஓடியது. அந்தப் பத்மினி டாக்ஸிகளில் கடைசியாகப் பதிவானதும் 2023 அக்டோபரில் வயது முடிந்து விடைபெற்றுவிட்டதை அன்பர்கள் அறிவார்கள்.

மாமாவுக்குப் பார்கோ லாரி என்றால் தனிப் பிரியம். தொழில் கற்றதே அதில்தான். அதன் பெட்ரோல் என்ஜின் ஆறு சிலிண்டர் உடையது. வால்வுகள் தலைக்கு மேலே இராமல், சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் பிளாக்கிலேயே நிற்கும். ஆகையால் தலைமூடி வெறும் இரும்புப் பலகைபோல் தட்டையாக இருக்கும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் கொண்டுவந்த டாட்ஜ் வண்டிகளிலும் இதே குடும்பத்து என்ஜின்தான் இருந்தது. பிறகு பெட்ரோல் செலவு தாங்காமல் லாரி முதலாளிகள் பலர் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு டீசல் என்ஜினை ஏற்றிக்கொண்டார்கள். கழற்றியவை பங்கார் கடைக்குப் போய் எடைக்கு விலையாகி உருகிப்போயின. எனவே, பிறந்த வீட்டு என்ஜினோடு கூடிய பார்கோ இன்று காண்பதற்கரிய பொருள்.

அப்படிப்பட்ட ஒன்று சென்ற ஆண்டு மாமாவைத் தேடி வந்தது. பழைய வாகனங்களைச் சேர்த்துவைப்பதில் விருப்பமுள்ள ஒரு சேட், 1956ஆம் ஆண்டு பதிவான ஒரு பார்கோவை எங்கிருந்தோ வாங்கிவந்திருந்தார். ஹார்னிமன் சர்க்கிள் பக்கம் பழைய வாகனங்களின் அணிவகுப்பு நடப்பதை அன்பர்கள் கண்டிருக்கலாம். அத்தகைய அணிவகுப்பில் தம்முடைய லாரியும் சொந்தக் காலில் ஓட வேண்டுமென்பது அவருடைய ஆசை. இந்த என்ஜினைத் தெரிந்தவர் யார் என்று விசாரித்தபோது, எல்லாரும் மாமாவின் பெயரைச் சொன்னார்களாம்.

ஆனால் மாமாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சர்க்கரை வியாதி ஒரு கண்ணை முழுதும் தின்றுவிட்டது. மற்றொன்றில் நிழல் மட்டும் தெரியும். விரல் நன்றாக இருக்கிறது, காது நன்றாக இருக்கிறது, பார்வைதான் இல்லை. "மருமகனே, உனக்கு ஞாயிற்றுக்கிழமை லீவுதானே? நீ எனக்குக் கண்ணாக இரு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். நான் ரயில்வேயில் குமாஸ்தா. பதிவேட்டில் எண்களைச் சரிபார்ப்பது என் உத்தியோகம். இரண்டு கோடுகள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்துச் சொல்ல என்னைவிடத் தகுந்தவன் யார் என்ற கர்வத்தோடு ஒப்புக்கொண்டேன். பட்டறைப் பையன்கள் இருவர் கை உதவிக்கு இருந்தார்கள்.

என்ஜினில் 'டைமிங்' என்று சொல்கிறார்களே, அது இன்னதென்று இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1876இல் ஜெர்மானியரான நிகோலாஸ் ஆட்டோ என்பவர் செய்துகாட்டிய நான்கு வீச்சு முறையில்தான் இன்றைய பெட்ரோல் என்ஜின்களும் பெரும்பாலும் ஓடுகின்றன. பிஸ்டன் முதலில் இறங்கிக் காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்சுகிறது. பின்பு ஏறி அதை அழுத்துகிறது. பொறி பட்டு எரிந்ததும் கீழே தள்ளப்படுகிறது. மறுபடி ஏறிப் புகையை வெளியேற்றுகிறது. இந்த நான்கு வீச்சும் முடிய, கீழேயுள்ள கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டோ அதற்குள் ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்ற வேண்டும். இரண்டையும் பிணைப்பது ஒரு சங்கிலி. கிராங்க் தண்டின் பற்சக்கரம் சிறியது. கேம் தண்டின் பற்சக்கரம் அதற்கு இருமடங்கு பற்கள் உடையது. இரண்டிலும் ஒவ்வொரு புள்ளி குத்தியிருப்பார்கள். சங்கிலி மாட்டும்போது இரு புள்ளிகளும் ஒன்றையொன்று பார்த்தபடி, இரு தண்டுகளின் மையங்களையும் சேர்க்கும் கோட்டின்மேல் நிற்க வேண்டும். இதுவே வால்வு டைமிங்.

பொறி விழும் வேளை இக்னிஷன் டைமிங். நம் மெக்கானிக்குகள் 'பிளாட்டினம்' என்று சொல்லும் பாயிண்ட், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறக்கும் அந்தக் கணத்தில் காயிலிலிருந்து பொறி புறப்படுகிறது. என்ஜின் நிமிஷத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றினால், ஆறு சிலிண்டர்களுக்குமாகச் சேர்த்து வினாடிக்கு நூறு பொறிகள் விழ வேண்டும். அந்த ஒரு வினாடியில் கிராங்க் தண்டு 12,000 டிகிரி திரும்பியிருக்கும். இதில் பத்து டிகிரி பிசகினாலும் என்ஜின் தன் பலத்தை இழந்துவிடும் என்றால், அந்தக் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்று பாருங்கள்.

நிற்க. பிளாக்கை லேத்தில் கொடுத்து ரீபோர் செய்தாயிற்று. புதிய பிஸ்டன்கள், ரிங்குகள், பேரிங்குகள் எல்லாம் ஏறின. வால்வுகளை மாமாவே மசி தடவித் தேய்த்து இருத்தினார். விரலால் தடவியே இருக்கையின் அகலத்தைச் சொல்வார். ஆனி மாத முடிவில், நல்ல மழைக் காலத்து ஞாயிறு ஒன்றில், சங்கிலி மாட்டும் வேலை வந்தது.

அன்று மாலை ஹார்பர் லைனில் தண்ணீர் ஏறுகிறதென்று செய்தி வந்துகொண்டிருந்தது. வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். வேலையை முடித்துவிட்டு ஓட வேண்டுமென்ற பதற்றம் எனக்கு. சங்கிலியைச் சக்கரங்களில் சுற்றி, கேம் சக்கரத்தைத் தள்ளி, போல்ட்டுகளை முறுக்கினோம். வால்வு ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தால் கேம் தண்டு ஒருமுறை தானே சற்று நழுவித் திரும்பியது. பையன் அதைப் பிடித்துத் திருப்பி மாட்டினான். மாமா கேட்டார்: "இரண்டு புள்ளியும் நேராக நிற்கிறதா?"

நான் நின்றிருந்த இடத்திலிருந்து பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்தேன். புள்ளிகள் எதிரெதிரே நிற்பதுபோல்தான் தெரிந்தது. விளக்கை நேரே பிடித்து, குனிந்து, கோட்டின்மேல் கண்ணை வைத்துப் பார்க்கவில்லை. "நேராக இருக்கிறது, மாமா" என்று சொன்னேன். அவர் தலையசைத்தார். மூடியைப் போட்டு இறுக்கிவிட்டார்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

ரயிலில் உட்கார்ந்தபோதுதான் மனத்தில் ஓர் உறுத்தல் ஏற்பட்டது. நான் பார்த்த கோணம் சரியானதுதானா? ஆனால் மூடி போட்டாயிற்று. அதன்மேல் பெரிய புல்லியும் ஏறியிருக்கும். 'இருக்கும், இருக்கும், சரியாகத்தான் இருக்கும்' என்று சமாதானம் செய்துகொண்டேன்.

இரண்டு வாரங்கழித்து என்ஜினை முதன்முறை ஸ்டார்ட் செய்த அன்று ஒரு வேடிக்கை நடந்தது. ஸ்டார்ட்டர் சுற்றியதும் கார்புரேட்டர் வழியாகப் 'படார்' என்று வெடித்து நெருப்பைத் துப்பியது. பையன்கள் ஓடினார்கள். மாமா சிரித்துக்கொண்டே, "பிளக் கம்பிகளை மாட்டியது யார்?" என்றார். நான்தான். புல்லியிலுள்ள குறியைக் காட்டியோடு சேர்த்துவிட்டு, முதல் சிலிண்டர் உச்சியில் இருக்கிறது என்று கொண்டு வரிசையாக மாட்டியிருந்தேன்.

"உச்சிக்கு வந்தது சரி. எந்த உச்சி? அழுத்தும் வீச்சின் உச்சியா, புகையைத் தள்ளும் வீச்சின் உச்சியா? முதலாவதும் ஆறாவதும் எப்போதும் ஒன்றாகத்தான் ஏறும்" என்றார். பிறகு பிளக்குகளைக் கழற்றச் சொல்லி, முதல் துளையைத் தம் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, என்னை ஹேண்டிலைச் சுற்றச் சொன்னார். ஒரு சுற்றில் ஒன்றுமில்லை. அடுத்த சுற்றில் காற்று விரலைத் தள்ளிக்கொண்டு 'புஸ்' என்று வெளியேறியது. "இதுதான் அழுத்தும் வீச்சு. குறியைப் பார்க்குமுன் விரலைக் கேள்" என்றார். இந்த என்ஜினில் ஆறாம் சிலிண்டருக்கு மேலே தலைமூடியில் ஒரு சிறு திருகு அடைப்பும் உண்டு. அதைக் கழற்றி நீண்ட கம்பி ஒன்றை உள்ளே நிறுத்தினால், பிஸ்டன் ஏறி நிற்கும் உச்சியைக் கம்பியே காட்டிவிடும். புல்லி குறி பொய் சொல்லுகிறதோ என்று ஐயமிருந்தால் இதைக் கொண்டு தீர்த்துக்கொள்ளலாம்.

பொறி விழும் வரிசை 1-5-3-6-2-4. என் தவறு சரியாகப் பாதி வட்டம். ஆகவே ஒன்றையும் ஆறையும், ஐந்தையும் இரண்டையும், மூன்றையும் நான்கையும் மாற்றி மாட்டினோம். என்ஜின் பிடித்துக்கொண்டது. எல்லாரும் கைதட்டினார்கள். அந்தத் தவறுக்காக எனக்கு வெட்கமே ஏற்படவில்லை. எல்லார் முன்னிலையிலும் வெளிப்பட்டு, எல்லாரும் சிரித்து, ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துபோன தவறு அது.

ஆனால் அந்தக் கைதட்டல் நீடிக்கவில்லை. என்ஜின் ஓடியதே தவிர, உயிரில்லாமல் ஓடியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முக்கியது, சீக்கிரமே சூடேறியது. மாமா காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பொறி தாமதம். டைமிங்கைச் சரிபார்" என்று சொல்லிச் சாப்பிடப் போனார்.

நான் முறைப்படி செய்தேன். பிளாட்டினம் இடைவெளி இருபது தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, இருக்கிறதா என்று கேஜைச் செருகிப் பார்த்தேன். டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் காயில் கம்பியின் முனையில் ஒரு சிறு பல்பின் ஒரு கம்பியையும், என்ஜின் உடம்பில் மற்றொன்றையும் தொடுத்துச் சாவியைத் திருப்பினேன். பிளாட்டினம் மூடியிருக்கும்வரை பல்பு எரியாது. திறந்த கணத்தில் எரியும். என்ஜினை ஓடும் திசையிலேயே மெல்லச் சுற்றிக் குறிக்குக் கொண்டுவர வேண்டும். தாண்டிவிட்டால் பின்னுக்கு இழுக்கக் கூடாது. பின்னுக்கு இழுத்தால் சங்கிலியின் தளர்ச்சி கணக்கைக் கெடுத்துவிடும். குறியில் நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பை, ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினேன். பல்பு எரியவில்லை. இன்னும் திருப்பினேன். எரியவில்லை. கவ்வியின் பிளவு முடிகிற இடம்வரை போய், இனித் திருப்ப இடமில்லை என்ற நிலையில் பல்பு எரிந்தது.

என் நெஞ்சு திக்கென்றது. டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது ஆயில் பம்பின் தண்டு. அதைச் சுற்றுவது கேம் தண்டு. பம்பை அதன் இடத்தில் சரியாகத்தான் பொருத்தியிருந்தோம். அப்படியானால் டிஸ்ட்ரிபியூட்டர் பிளவின் நடுவில் நிற்க வேண்டும். அது ஒரு கோடியில் போய் நின்றால், கேம் தண்டே பின்தங்கி நிற்கிறது என்று பொருள். சங்கிலி ஒரு பல் பிசகியிருந்தால் இப்படித்தான் இருக்கும். மழை பெய்த அந்த மாலையும், நான் பக்கவாட்டில் பார்த்த பார்வையும் கண்முன் வந்து நின்றன.

அந்த நேரத்தில் நான் செய்ததைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரை அந்தக் கோடியிலேயே வைத்து இறுக்கிவிட்டேன். மாமா திரும்பி வந்து, "சரியாகக் கிடைத்ததா?" என்றார். "கிடைத்தது, மாமா" என்றேன். அது பொய்யல்ல, பொறி குறியில்தான் விழுந்தது. ஆனால் பொறியின் தாமதத்தை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி மறைத்துவிடலாம். வால்வின் தாமதத்தை எதைத் திருப்பியும் மறைக்க முடியாது. என்ஜின் முன்னிலும் கொஞ்சம் நன்றாக ஓடியது. உயிர் மட்டும் வரவில்லை.

அதன்பின் மூன்று வாரம் மாமா பட்ட பாட்டை நான் அருகிருந்து பார்த்தேன். கார்புரேட்டரை இரண்டுமுறை கழற்றினார். வாக்குவம் கேஜை மாட்டினார். நல்ல என்ஜின் சும்மா ஓடும்போது முள் 17க்கும் 21க்கும் இடையே அசையாமல் நிற்க வேண்டும். இதில் 12 அங்குலத்தில் அசையாமல் நின்றது. கம்ப்ரெஷன் பார்த்தார், ஆறு சிலிண்டர்களிலும் ஏறத்தாழ ஒரே அளவு, ஆனால் ஆறிலும் குறைவு. ஒன்றிரண்டில் மட்டும் குறைந்திருந்தால் வால்வோ ரிங்கோ கெட்டது எனலாம். ஆறிலும் ஒரே மாதிரிக் குறைந்தால் குற்றம் எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில் இருக்க வேண்டும். இதை மாமா அறியாதவர் அல்லர். "டைமிங் சங்கிலியாக இருக்குமோ?" என்று ஒருமுறை வாய்விட்டே சொன்னார். உடனே தாமே, "இல்லை, அதை நீ பார்த்தாய்" என்று சொல்லி அந்த எண்ணத்தை ஒதுக்கிவிட்டார். நான் பேசாமல் நின்றேன்.

பட்டறையில் பேச்சுக் கிளம்பியது. ரீபோர் செய்த லேத்துக்காரர் அளவைக் கெடுத்துவிட்டார் என்றான் ஒரு பையன். கண் தெரியாதவரிடம் வால்வு வேலையைக் கொடுத்தால் இப்படித்தான் என்றான் மற்றவன், அவர் காதில் விழும்படியாகவே. சேட் மரியாதையானவர், கோபித்துக்கொள்ளவில்லை. "போதும் மிஸ்திரி, நீங்கள் சிரமப்படாதீர்கள். வேறு ஓரிடத்தில் காட்டிப் பார்க்கிறேன்" என்று மட்டும் சொன்னார். மாமாவுக்கு அது திட்டியதைவிடக் கடினமாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தை எனக்குப் போன் செய்தாள். "உங்கள் மாமா டூல் பெட்டியைப் பங்கார்க்காரனிடம் எடை போடச் சொல்லியிருக்கிறார். இனி என் கையை நானே நம்ப முடியாது என்கிறார். திங்கட்கிழமை அவன் வருகிறானாம். நீயாவது வந்து சொல்லேன்" என்றாள். அறுபது ஆண்டுகளாகச் சேர்த்த ஸ்பானர்கள் அவை. சிலவற்றின் கைப்பிடி, மாமாவின் உள்ளங்கை பட்டுப் பட்டே தேய்ந்திருக்கும்.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. காரியாலயத்தில் நான் புதிதாகச் சேர்ந்தபோது எனக்கு மேலிருந்த பெரியவர் ஒருவர், "கண்ணால் காணாத சரக்குக்குக் கையெழுத்துப் போடாதே, தம்பி" என்று ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். பன்னிரண்டு வருஷம் அந்த வார்த்தையைக் காப்பாற்றியவன், பட்டறையில் அதை விட்டுவிட்டேன்.

ஞாயிறன்று விடியற்காலை மாமாவுக்கு முன்பே பட்டறைக்குப் போனேன். முதலில் பிரத்தியட்சமாகத் தெரிந்துகொள்ள வேண்டுமென்று, முன்மூடியைக் கழற்றாமலே பார்க்கக்கூடிய ஒரு வழியைச் செய்தேன். இந்த என்ஜினின் பக்கத்தில் டாப்பட் மூடிகள் உண்டு. அவற்றைக் கழற்றினால் வால்வுகளின் கால்கள் தெரியும். முதல் சிலிண்டரை அழுத்தும் வீச்சின் உச்சியில் நிறுத்தினேன். அப்போது ஆறாம் சிலிண்டர் புகையைத் தள்ளி முடித்து, புதுக்காற்றை இழுக்கத் தொடங்கும் சந்தியில் இருக்க வேண்டும். அதாவது, அதன் இன்லெட் வால்வு சற்றே திறக்கத் தொடங்கியிருக்க, எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடியும் தறுவாயில் இருக்க வேண்டும். நான் கண்டதோ, இன்லெட் டாப்பட் இன்னும் தளர்ந்து விரலுக்கு ஆடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வு நன்றாகவே திறந்து நிற்கிறது. கேம் தண்டு பின்தங்கியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. சிறிய சக்கரத்தின் பற்களை எண்ணி, அந்த எண்ணால் 360ஐ வகுத்தால், ஒரு பல்லுக்கு எத்தனை டிகிரி பிசகும் என்பது தெரிந்துவிடும். இரட்டை இலக்கத்தில் வரும் அந்தப் பிசகோடுதான் மூன்று வாரமாக அந்த என்ஜின் போராடிக்கொண்டிருந்தது.

மாமா கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். பையன்களும் வந்துவிட்டார்கள். தனியே அழைத்துச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவரைப் பழித்த பேச்சு எல்லார் முன்னிலையிலும் நடந்தது. என் குற்றமும் எல்லார் முன்னிலையிலும்தான் சொல்லப்பட வேண்டும். "மாமா, சங்கிலி ஒரு பல் தப்பியிருக்கிறது. அன்று நான் சரியாகப் பார்க்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் கோடிக்குப் போனபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. சொல்லவில்லை. உங்கள் கையில் ஒரு தவறும் இல்லை" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அன்று நீ பார்த்தாயா, அல்லது இருக்கும் என்று நினைத்துக்கொண்டாயா?"

"இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்."

"அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஐந்து நிமிஷ வேலை" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. ரேடியேட்டரைக் கழற்றும்படி பையன்களிடம் சொன்னார். அன்று முழுதும் என்னோடு வேலையைத் தவிர வேறு பேச்சுப் பேசவில்லை.

ரேடியேட்டர் இறங்கியது; புல்லர் வைத்துப் புல்லியை இழுத்தோம்; முன்மூடியைத் திறந்தோம். புள்ளிகள் ஒரு பல் விலகி நின்றன. நேரே குனிந்து பார்த்தால் குழந்தைக்கும் தெரியும். கேம் சக்கரத்தைக் கழற்றி, ஒரு பல் முன்னுக்கு வைத்து மாட்டினோம். ஒரு நூலை இரு தண்டுகளின் மையத்தின் மேலாக இழுத்துப் பிடிக்கச் சொன்னார் மாமா. பிறகு தம் ஆள்காட்டி விரலின் நகத்தை நூலின் வழியே மெல்ல நடத்திச் சென்றார். நகம் ஒரு குழியில் விழுந்தது. அடுத்த குழியிலும் விழுந்தது. "சரி" என்றார்.

நான் திகைத்துப்போனேன். "மாமா, நகத்தாலேயே தெரிகிறதே! அன்றைக்கு ஏன் தொட்டுப் பார்க்கவில்லை?"

"நீதான் பார்த்தாயே" என்றார்.

அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

போல்ட்டுகளை முறுக்கியபின் ஹேண்டிலால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, புள்ளிகள் மறுபடியும் நேருக்கு நேர் வருகின்றனவா என்று பார்த்தோம். இம்முறை நான் டார்ச்சைப் பிடித்து, முழங்காலிட்டு, கண்ணைக் கோட்டில் வைத்துப் பார்த்தேன்; மாமா நகத்தால் பார்த்தார்; பையன்களில் ஒருவனையும் பார்த்துச் சொல்லச் செய்தார். புதிய கேஸ்கட்டுக்கான பணத்தை நான் கொடுத்தேன். வேண்டாமென்று அவர் சொல்லவில்லை.

மறுவாரம் எல்லாம் பூட்டி முடிந்தது. பல்பை வைத்து இக்னிஷனைப் பார்த்தபோது, டிஸ்ட்ரிபியூட்டர் பிளவின் நடுவிலேயே பல்பு எரிந்தது. ஸ்டார்ட் செய்ததும் வாக்குவம் முள் ஏறிப் பதினெட்டரையில் நின்றது. மாமா தலைமூடியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். சேட்டுக்கு ஆளனுப்பினார்கள். அவர் வந்து கேட்டதும், நடந்ததை நானே அவரிடமும் சொன்னேன்.

லாரி செம்பூர்வரை போய்த் திரும்பி வந்தது. திங்கட்கிழமை வரவேண்டிய பங்கார்க்காரனை அத்தை முன்பே திருப்பி அனுப்பிவிட்டாள். டூல் பெட்டி பட்டறையில் பழைய இடத்திலேயே இருக்கிறது.

அன்பர்களில் பழைய என்ஜின் வேலை செய்பவர்கள் இருந்தால் அவர்களுக்கு ஒரு விஞ்ஞாபனம். டிஸ்ட்ரிபியூட்டர் பிளவின் கோடிக்குப் போய் நின்றால் அதை அங்கே இறுக்கிவிட்டு நகராதீர்கள். கேம் தண்டைச் சந்தேகியுங்கள். ஆறிலும் கம்ப்ரெஷன் ஒரேபோல் குறைந்தால் தலைமூடியைக் கழற்றுமுன் டாப்பட் மூடியைக் கழற்றி ஆறாம் சிலிண்டரைப் பாருங்கள். இவை இரண்டையும் நான் புத்தகத்திலிருந்து எழுதவில்லை.

மாமாவோடு நான் இன்றும் ஞாயிறுதோறும் பட்டறைக்குப் போகிறேன். முன்போலவே என்னைக் குறிகளைப் பார்த்துச் சொல்லச் சொல்கிறார். நான் சொன்னபிறகு, ஒன்றும் பேசாமல், தாமும் ஒருமுறை நகத்தால் தொட்டுப் பார்க்கிறார். அவர் தொட்டு முடிக்கும்வரை நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன்.